வீட்டில் கிடக்கும் ஓடாத சரக்கு

மார்ச் 31ஆம் திகதி நெருங்கினால் வியாபாரிகளான நம்மில் பலருக்கும் ஒரே வேலைதான். கடைக் கதவைப் பாதிக்கு இறக்கிவிட்டு ஸ்டொக் எடுக்கத் தொடங்குவோம். ஒருவர் எண்ணிச் சொல்வார், இன்னொருவர் எழுதுவார். மேல்தட்டில் தூசு பிடித்துக் கிடக்கும் பெட்டி ஒன்றை இறக்கும்போதுதான் முதலாளியின் முகம் சுருங்கும். "இது எப்ப வந்த சரக்கு?" என்று கேட்பார். "நாலு வருஷமா அப்படியே ஈக்கிது முதலாளி" என்று பதில் வரும். அன்றைக்கே அதற்கு ஒரு விலையைப் போட்டு வாசலுக்குத் தள்ளிவிடுவோம். கொள்விலைகூட வராவிட்டாலும் பரவாயில்லை. இடம் மிச்சம், கையில் கொஞ்சம் காசு மிச்சம். இந்தக் கணக்கை நமக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. கடையில் நின்று படித்தது.

அதே முதலாளியின் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். படிக்கட்டுக்குக் கீழே சுற்றாத மின்விசிறி இரண்டு. அறை மூலையில் உடைந்த கட்டிலின் சட்டம். அலுமாரிக்கு மேலே சூட்கேஸ், அந்த சூட்கேஸுக்குள்ளே இன்னொரு சூட்கேஸ். ஷோகேஸில் யாரும் தொடாத கிளாஸ்கள். மேசை லாச்சியில் எந்தப் போனுக்கு உரியது என்று தெரியாத சார்ஜர்கள் ஏழெட்டு. கடையில் நாலு வருடம் நகராத பெட்டியைக் கண்டு துடிப்பவர், வீட்டில் 20 வருடம் நகராத சாமானைக் கண்டு ஒன்றும் சொல்வதில்லை. அது கிடக்கும் அறைக்கு 'ஸ்டோர் ரூம்' என்று பெயரும் வைத்திருப்பார்.

நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. அந்த முதலாளி நான்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முப்பது வருடத்துக்கு மேலாகப் புறக்கோட்டையில் வீட்டுப் பாவனைச் சாமான்கள் விற்கிறவன் நான். சட்டி, கேத்தல், டினர் செட், பிளாஸ்டிக் வாளி, மணிக்கூடு என்று வீட்டை நிறைக்கும் எதுவும் எங்கள் கடையில் இருக்கும். அப்படிப்பட்டவன் "வீட்டில் சாமானைக் குறையுங்கள்" என்று எழுதினால் பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எதை விற்கிறோமோ அதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே நமக்குத் தெரியும் அல்லவா?

ஒன்பது டினர் செட்

2015இல் என் மூத்த மகளுக்குக் கல்யாணம். வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. எல்லாம் முடிந்து பிரித்துப் பார்த்தபோது டினர் செட் மட்டும் ஒன்பது. சுவர் மணிக்கூடு பதினொன்று. ரைஸ் குக்கர் நாலு. அயன் பொக்ஸ் ஐந்து. மருமகனுக்குக் கத்தாரில் வேலை. இரண்டு சூட்கேஸோடு விமானம் ஏறியவர்கள் இன்றுவரை அங்கே குறைவில்லாமல் குடும்பம் நடத்துகிறார்கள். அன்பளிப்புகள் முழுவதும் எங்கள் வீட்டின் கீழ்மாடியில் தங்கின.

ஒரு நாள் அந்த ஒன்பது பெட்டிகளில் ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். அடியில் பென்சிலால் நான்கு எழுத்து. கொள்விலையைக் குறித்துவைக்க வாப்பா காலத்திலிருந்து நாங்கள் பாவிக்கும் இரகசிய எழுத்து. எழுதிய கையும் என்னுடையதுதான். அந்த மாதிரியில் சரக்கு இறக்கியது ஒரேயொரு தடவை, 2009இல். ஆறு வருடத்தில் எத்தனை வீட்டு அலுமாரி ஏறி இறங்கி என் மகளுக்கே வந்து சேர்ந்ததோ தெரியவில்லை. பெட்டியின் ஒட்டு நாடாகூடப் பிரியவில்லை. ஒரு பீங்கானில்கூட யாரும் ஒரு பிடி சோறு தின்றிருக்கவில்லை.

மனைவியிடம் காட்டினேன். "உங்கட சரக்கு உங்கட்டயே வந்திருக்கு, கடைக்குக் கொண்டுபோய் வித்திடுங்கோ" என்றாள். சிரித்துவிட்டுப் பெட்டியைத் திரும்பவும் அடுக்கிவைத்தேன். அந்தச் சிரிப்புக்கு அடுத்த வருடமே விலை கொடுத்தேன்.

வெள்ளம் வந்த மாலை

எங்கள் வீடு வெல்லம்பிட்டியில். 2016 மே மாதம் நாட்கணக்காக மழை பெய்து களனி கங்கை கரைபுரண்டது. வீட்டை விட்டு வெளியேறும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். உம்மாவையும் பிள்ளைகளையும் மருதானையில் உள்ள ராத்தா வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானும் மனைவியும் இளைய மச்சானும் சாமான்களை மேல்மாடிக்கு ஏற்றத் தொடங்கினோம். ரோட்டில் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. மின்சாரம் இல்லை. டோர்ச் வெளிச்சத்தில் இரண்டு மணித்தியாலம் ஏறி இறங்கினோம்.

எதை ஏற்றினோம் தெரியுமா? கையில் முதலில் அகப்பட்டதை. நடையில் அடுக்கிவைத்திருந்த டினர் செட் ஒன்பதையும், ரைஸ் குக்கர் பெட்டிகளையும், மணிக்கூடுகளையும். மூச்சு வாங்க, முதுகு வலிக்க, பீங்கான் உடைந்துவிடக் கூடாதே என்று கவனமாக ஏற்றினோம். பின்னறை இரும்பு அலுமாரி கடைசியில்தான் ஞாபகத்துக்கு வந்தது. அதற்கு முன்னால் துணி மூட்டைகள், பழைய மெத்தை, அட்டைப் பெட்டிகள். எல்லாம் நனைந்து கதவை அடைத்துக்கொண்டன. தள்ளிப் பார்த்தோம். திறக்கவில்லை. மச்சான் என் கையைப் பிடித்து இழுத்தான். வெளியேறினோம்.

அந்த அலுமாரியின் அடித்தட்டில் வாப்பாவின் சீ.ஆர். கொப்பி இருந்தது.

வாப்பா 2013இல் மௌத்தானார். ஜனாஸா அன்று வழமைபோல, வாப்பாவிடம் யாருக்காவது வரவு இருந்தால் மகனைச் சந்திக்கும்படி அறிவித்தோம். ஊரில் உள்ளவர்கள் வந்தார்கள், தீர்த்தோம். ஆனால் வாப்பாவுக்குச் சரக்குக் கொடுத்தவர்களில் வெளியூர் ஆட்களும் இருந்தார்கள். தென்கரையிலிருந்து தும்புக் கயிறு கொண்டுவந்தவர்கள், பிலிமத்தலாவையில் பித்தளைச் சாமான் செய்து தந்த சிங்களவர் ஒருவர். சரக்கு விற்றபின் காசு கொடுப்பது அவர்களுக்கிடையில் இருந்த வாய்வழக்கு. பில்லும் இல்லை, கையெழுத்தும் இல்லை. வாப்பா அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் 'கொடுக்க வேண்டியது' என்று தலைப்புப் போட்டுப் பெயர், ஊர், தொகை என்று எழுதிவைத்திருந்தார். மொத்தம் 11 பெயர். ஏழு பேரைத் தேடிக் கொடுத்துவிட்டேன். மிச்சம் நாலு பேரை ஆறுதலாகப் பார்ப்போம் என்று கொப்பியை அலுமாரியில் வைத்தேன். பழைய பில் கட்டுகள், பிள்ளைகளின் பழைய பாடக் கொப்பிகள், காலாவதியான கேரண்டி அட்டைகள் எல்லாவற்றுக்கும் அடியில். மூன்று வருடம் அந்த அலுமாரியை ஒழுங்குபடுத்த நேரம் கிடைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் வடிந்து வீட்டுக்குத் திரும்பியபோது அலுமாரிக்குள் கடதாசி எல்லாம் களியாகிக் கிடந்தது. கொப்பியின் மட்டை கையில் வந்தது. மை கரைந்து பக்கங்கள் நீலமாக இருந்தன. மேல்மாடியில் ஒன்பது டினர் செட்டும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தன.

நாலு பெயரில் இரண்டு எனக்கு ஞாபகம் இருந்தது. பிலிமத்தலாவைக்குப் போய் விசாரித்து அந்த முதியவரின் மகனைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். தென்கரையில் ஒருவரையும் கண்டுகொண்டேன். மற்ற இருவரின் பெயரும் ஊரும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஓர் ஆலிமிடம் கேட்டேன். அவர்களுக்காக நிய்யத் வைத்து அந்தத் தொகையை ஸதகா செய்யும்படியும், பின்னாளில் ஆள் வந்தால் திரும்பவும் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். செய்தேன். ஆனால் தொகையும் என் மதிப்பீடுதானே? இன்றும் தொழுகையில் அந்த நீலப் பக்கம் கண்முன் வந்து நிற்கிறது.

சாமான் அதிகமாக இருந்தால் வீடு அழகில்லாமல் போகும், தூசு பிடிக்கும் என்றெல்லாம் சொல்வார்கள். அது சின்ன விஷயம். வேண்டாத சாமானுக்கு அடியில் வேண்டியது புதைந்துபோகும். அவசரம் வரும்போது கைக்கு அகப்படுவது வேண்டாததுதான்.

வாப்பாவின் ஆணி டப்பா

இவ்வளவு பட்டும் நான் உடனே திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இரண்டு வருடத்துக்குள் கீழ்மாடி திரும்பவும் நிறைந்துவிட்டது. ஏன் இப்படி என்று யோசித்தபோது வாப்பாவின் ஆணி டப்பா ஞாபகம் வந்தது.

1970 முதல் 1977 வரையான காலம் பெரியவர்களுக்கு மறக்காது. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. பாணுக்குக் கியூ, சங்கக் கடையில் கூப்பனுக்குச் சாமான். எனக்கு அப்போது சின்ன வயது. வாப்பா பழைய பெட்டிப் பலகையில் இருந்து ஆணியைக் கழற்றி, கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, பால்மா டப்பாவில் போட்டுவைப்பார். கயிற்றுத் துண்டை எறியமாட்டார். சாக்குக் கிழிந்தால் தைப்பார். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து கடைகள் சாமானால் நிறைந்த பிறகும் அவருடைய கை அந்தப் பழக்கத்தை விடவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வாப்பா சேர்த்த ஆணி அடுத்த மாதம் ஒரு பலகையில் அடிபடும். அந்தக் கயிற்றால் ஒரு மூட்டை கட்டப்படும். டப்பா நிறைந்துகொண்டும் குறைந்துகொண்டும் இருக்கும். அது தட்டுப்பாட்டில் வாழ்ந்தவரின் சிக்கனம். நாம் என்ன செய்கிறோம்? தட்டுப்பாட்டுக் காலத்துப் பழக்கத்தை வைத்துக்கொண்டு, தாராளமாகச் சாமான் கிடைக்கும் காலத்து அளவில் வாங்குகிறோம். எறிவதும் இல்லை, பாவிப்பதும் இல்லை. அதற்குச் சிக்கனம் என்று பெயர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீண்விரயம் கூடாது என்று குத்பாவில் கேட்கும்போது வீசி எறியும் சோற்றைத்தான் நினைக்கிறோம். அலுமாரியில் பூட்டிவைத்துப் பழுதாக்குவதும் விரயம்தானே?

பக்கத்து ஒழுங்கையில் ஒரு வாப்பா

என் கண்ணை உண்மையில் திறந்தது ஒரு சக்கர நாற்காலி. 2017இல் உம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது வாங்கியது. 2019இல் உம்மா மௌத்தானார். நாற்காலியைத் துடைத்து, துணியால் மூடி, ஸ்டோர் அறையில் வைத்தோம். உம்மா இருந்த நாற்காலி. கொடுக்க மனம் வரவில்லை.

2021இல் ஒரு நாள் சுபஹு தொழுதுவிட்டு வரும்போது பக்கத்து ஒழுங்கையில் ஒரு காட்சி. இரண்டு பையன்கள் தங்கள் வாப்பாவைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு முச்சக்கர வண்டிக்குக் கொண்டுபோகிறார்கள். கிளினிக் நாளாம். எத்தனை மாதமாக இப்படி என்று கேட்டேன். "ஒரு வருஷமா நானா" என்றான் மூத்தவன். என் வீட்டு அறைக்கும் அந்த வீட்டுக்கும் நூறு அடி தூரம் இருக்காது.

அன்று லுஹருக்கு முன் நாற்காலி அங்கே போய்ச் சேர்ந்தது. அன்றிரவு மனைவியிடம், "வாற மார்ச் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல, நாளைக்கே வீட்டில ஸ்டொக் எடுப்பம்" என்றேன்.

எடுத்த விதம்

கடையில் செய்வதைப்போலவே செய்தோம். கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு அறை அறையாக எண்ணினோம். எண்ணாமல் எறியத் தொடங்கினால் சண்டை வரும். எண்ணிய பிறகு சண்டை குறையும். சட்டி 31, அதில் அடுப்பு ஏறுவது ஆறு. பிளாஸ்க் ஒன்பது, சூடு நிற்பது இரண்டு. என்னுடைய சேர்ட் 44, நான் மாறி மாறிப் போடுவது எட்டு. எழுத்தில் பார்த்தபோது இருவருக்கும் வெட்கமாக இருந்தது.

பிறகு ஒவ்வொரு சாமானிடமும் கடைக்காரனின் மூன்று கேள்வி. கடைசியாக எப்போது நகர்ந்தது? இன்று இது என்னிடம் இல்லாவிட்டால் இன்றைய விலைக்குக் காசு கொடுத்து வாங்குவேனா? கொடுத்துவிட்ட பிறகு தேவை வந்தால் எங்கே கிடைக்கும்? மூன்றாவது கேள்விதான் பயத்தைப் போக்கும். பெரும்பாலான சாமான் நமது ரோட்டு முனைக் கடையிலேயே இருக்கிறது. அந்தக் கடைக்காரர் நமக்காக ஸ்டோர் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளலாமே.

"இவ்வளவு காசு கொடுத்து வாங்கினது" என்று மனம் அடிக்கும். கொள்விலையையே பார்த்துக்கொண்டிருந்தால் சரக்கு நகராது என்பது நமக்குத் தெரியாததா? வாங்கிய அன்றே அந்தக் காசு போய்விட்டது. இன்று நம்மிடம் இருப்பது சாமானும் அது பிடித்திருக்கும் இடமும் மட்டுமே.

இடத்துக்கு விலை இல்லையா? கடையென்றால் கீ மணி, வாடகை என்று ஒவ்வோர் அடிக்கும் கணக்குப் பார்ப்போம். எங்கள் ஸ்டோர் அறை பத்துக்குப் பத்து, 100 சதுர அடி. கட்டிட வேலைக்குச் சதுர அடிக்கு 15,000 ரூபா என்று வைத்தாலும் 15 இலட்சம். நிலத்தின் விலையைச் சேர்க்கவில்லை. உள்ளே இருந்த அத்தனை சாமானையும் பழைய சாமான் வாங்குபவருக்குக் காட்டினேன். 38,000 ரூபா என்றார். அதாவது 38,000 ரூபா சரக்கை வைக்க 15 இலட்சத்தில் களஞ்சியம் கட்டி வைத்திருந்தேன். என் இளைய மகன் உயர்தரப் பரீட்சைக்குச் சாப்பாட்டு மேசையில் ஒரு மூலையில் இருந்து படித்துக்கொண்டிருந்தான். இந்தக் கணக்கைக் கடையில் ஒரு கணக்குப்பிள்ளை காட்டியிருந்தால் என்ன நினைத்திருப்பேன்? அறையைக் காலி செய்து, வெள்ளை அடித்து, மகனுக்குக் கொடுத்தோம்.

ஒரு புத்திமதி. ஆண்கள் தங்கள் சாமானில் இருந்து தொடங்க வேண்டும். மனைவியின் அலுமாரியில் முதலில் கைவைத்தால் அத்தோடு காரியம் கெட்டுவிடும். நான் என் சேர்ட்டுகளையும், பழைய டயரிகளையும், திருத்தலாம் என்று வைத்திருந்த ரேடியோக்களையும் முதலில் வெளியே போட்டேன். ஒரு மாதம் கழித்து அவளாகவே தன் பக்கத்தைத் திறந்தாள்.

சில இடங்களில் அவள்தான் எனக்குப் பாடம் சொன்னாள். சமையலறையின் பின்னால் பெரிய தேக்சா இரண்டும் சஹன் இருபதும் இருந்தன. "வருஷத்தில ரெண்டு நாள் நாம பாவிக்கிறத்துக்கு இவ்வளவு இடமா?" என்று கேட்டேன். "நாம பாவிக்கிறது ரெண்டு நாள்தான். இந்த ஒழுங்கையில எத்தின வீட்டுக் கல்யாணத்துக்கும் கத்தத்துக்கும் போகுது என்டு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஓடுகிற சரக்கு அது. இன்றும் இருக்கிறது. அவளுடைய உம்மா கொடுத்த பித்தளைத் தாலமும் இருக்கிறது; வாரத்தில் ஒரு நாள் அதில் பலகாரம் வைக்கிறோம். சாமானே இல்லாத வீடு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இருப்பது நடமாட வேண்டும்.

இதை ஊர் மட்டத்திலும் செய்யலாம். நமது பள்ளிவாசல்கள் பலவற்றில் சஹன், கதிரை, ஜனாஸாச் சாமான் எல்லாம் பொதுவில் இருக்கின்றன. அதே களஞ்சியத்தில் சக்கர நாற்காலி, ஊன்றுகோல், நோயாளிக் கட்டில், ஏணி போன்றவற்றையும் வைத்து, ஒரு கொப்பியில் பதிந்து, இரவல் கொடுக்கலாம். ஒவ்வொரு ஒழுங்கையிலும் இரண்டு மூன்று வீட்டில் இவை தூங்கிக்கொண்டிருக்கின்றன என்பது என் அனுபவம்.

2022 சொன்னது என்ன?

"நீ எல்லாத்தையும் குடுத்திட்டாய். இப்ப பாத்தியா மச்சான், வெச்சவனுக்குத்தான் மவுசு." 2022இல் என் நண்பர் ஒருவர் இப்படிச் சொன்னார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறியது. காஸுக்குக் கியூ, மண்ணெண்ணெய்க்குக் கியூ. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. சரக்கு வைத்திருந்த வியாபாரி பிழைத்தார் என்பது உண்மை.

ஆனால் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த நண்பர் 15 வருடமாக ஸ்டோர் அறையில் வைத்திருந்த மண்ணெண்ணெய் அடுப்பை வெற்றியோடு வெளியே எடுத்தார். தாங்கி துருப்பிடித்து ஓட்டை. திரி இல்லை. கியூவில் நின்று வாங்கிவந்த மண்ணெண்ணெய் தரையில் ஒழுகியது. எங்கள் வீட்டில் ஒரேயோர் அடுப்பு இருந்தது. மனைவி மாதத்தில் இரண்டு தடவையாவது பெரிய சட்டி வைக்க அதைப் பற்றவைப்பாள். அது அந்த மாதங்கள் முழுவதும் எரிந்தது. வைத்திருப்பது வேறு, பேணுவது வேறு. பத்துச் சாமானைப் பேண முடியும். ஆயிரம் சாமானை வைக்கத்தான் முடியும்.

எங்கே போகிறது?

வீட்டைக் காலி செய்வதென்றால் ரோட்டில் கொட்டுவது அல்ல. எங்கள் பகுதி ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொழும்பின் குப்பை வந்து சேர்ந்த மீதொட்டமுல்லை எங்களுக்குப் பக்கத்தில்தான். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தில், அந்தக் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிறகு கொழும்புக் குப்பையைப் புத்தளத்தின் அருவக்காட்டுக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது புத்தளத்து மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். நாம் 'எறிந்துவிட்டேன்' என்று சொல்லும் எதுவும் மறைந்துபோவதில்லை. இன்னொருவரின் வீட்டு வாசலுக்குப் போகிறது.

தானம் என்ற பெயரில் கழிவைக் கொடுப்பதும் ஆகாது. 2016 வெள்ளத்துக்குப் பிறகு நிவாரணச் சாமான் பிரிக்கும் வேலையில் நானும் இருந்தேன். சிப் இல்லாத காற்சட்டை, ஒற்றைச் செருப்பு, கறை பிடித்த கட்டில் விரிப்பு. பிரித்து எறிவதற்கே ஆட்கள் தேவைப்பட்டார்கள். அதில் என் வீட்டுக்கு வந்த மூட்டையும் ஒன்று. வாங்குகிற பக்கத்தில் நின்றால்தான் அந்த அவமானம் விளங்கும். அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: ராத்தா வீட்டுக்குக் கொடுக்கக் கூச்சப்படும் சாமானை ஏழைக்குக் கொடுப்பதில்லை.

ஆகவே மூன்று வழி. பாவிக்கக்கூடியதைக் கழுவி, திருத்தி, தேவையானவருக்குக் கொடுப்பது. விலை போவதை விற்பது. மிச்சமான இரும்பு, போத்தல், கடதாசியைப் பழைய சாமான்காரருக்குப் பிரித்துக் கொடுப்பது. 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். நான் அளந்து போடாததால் ஆறே வீட்டுக்குள் வந்து, அளக்காமல் அள்ளிக்கொண்டு போனது.

என் வயிற்றில் நானே அடிப்பதா?

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். எல்லோரும் இப்படிச் சாமானைக் குறைத்தால் என் கடை என்னாவது? நானும் பயந்தேன். ஆனால் வீட்டில் எண்ணிய கையோடு கடையிலும் எண்ணினேன். 420 வகைச் சாமான் இருந்தது. இலாபத்தில் பெரும் பங்கு ஏறக்குறைய நூறு வகையில் இருந்து வந்தது. இப்போது 260 வகைதான் வைக்கிறேன். மலிவாக வாங்கி ஆறு மாதத்தில் உடைவதை நிறுத்தினேன். அந்த இடத்தில் ஒரு சின்ன இராக்கை: குக்கர் ரப்பர், விசில், பிளெண்டர் பிளேட், கேத்தல் மூடி, சட்டிக் கைப்பிடி. 150 ரூபா சாமானுக்கு வருபவர் என்று முன்பு அலட்சியமாக இருந்தேன். 2022இல் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் புதுச் சாமான் வராமல் கிடந்த மாதங்களில் கடையை ஓட்டியது அந்த இராக்கைதான். திருத்திக்கொடுத்த கடையை வாடிக்கையாளர் மறப்பதில்லை.

கல்யாண அன்பளிப்புக்கு டினர் செட் கேட்டு வருபவரிடம், "அந்த வீட்டில என்ன தேவை என்டு கேட்டீங்களா?" என்று கேட்கிறேன். கேட்கவில்லை என்றால் தொகைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறேன். புதுத் தம்பதி வந்து வேண்டியதை எடுக்கலாம். சிலர் சீட்டைக் கொண்டுவந்து ஒரு நல்ல சட்டியோடு போகிறார்கள். அவர்கள் திரும்பவும் வருகிறார்கள். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு சலவை இயந்திரம் வாங்கிக் கொடுத்ததும் உண்டு. அது நான் விற்கும் சாமான் அல்ல. போகட்டும்.

2025 நவம்பர்

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் களனி கங்கை மீண்டும் பெருகியது. அறிவித்தல் வந்ததும் வேலையைத் தொடங்கினோம். பத்திரங்கள் எல்லாம் ஒரே பையில், அந்தப் பையும் எப்போதும் ஒரே ஆணியில். குளிர்சாதனப் பெட்டி, அடுப்பு, மெத்தைகள், தேக்சா இரண்டு, உம்மாவின் குர்ஆன். நாற்பது நிமிடத்தில் கீழ்மாடி காலி. கதவைப் பூட்டிவிட்டு ராத்தா வீட்டுக்குப் போய்விட்டோம். வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. வடிந்த பிறகு கழுவ இரண்டு நாள் எடுத்தது. 2016இல் மூன்று கிழமை எடுத்தது. எங்களைவிட எத்தனையோ பேர் உயிரையும் வீட்டையும் இழந்த வெள்ளம் அது. நாங்கள் தப்பியது அல்லாஹ்வின் அருள். ஆனால் கையில் சுமை குறைவாக இருந்ததால் பக்கத்து வீட்டு முதியவர் இருவரையும் கூட்டிக்கொண்டு போக முடிந்தது. 2016இல் அவர்கள் என் ஞாபகத்துக்கே வரவில்லை. டினர் செட் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பைக்குள் மேலாக ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. அது என்னுடையது. யாருக்கு நான் கொடுக்க வேண்டும், யார் எனக்குத் தர வேண்டும் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எழுதுகிறேன். என் மகனுக்கு அது எங்கே தொங்குகிறது என்று தெரியும்.

வியாபாரச் சகோதரர்களே, வீடு முழுவதையும் ஒரே நாளில் காலி செய்யும்படி நான் கேட்கவில்லை. இன்றிரவு ஓர் அலுமாரியைத் திறந்து பாருங்கள். உங்களுடைய கடன் கொப்பி, காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு மேலே என்ன கிடக்கிறது என்று பாருங்கள். மேலே கிடப்பதை மட்டும் இந்தக் கிழமை அப்புறப்படுத்துங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1980களிலும் 90களிலும் புறக்கோட்டையில் எங்கள் வாப்பாவின் கடைக்குக் கயிறோ பித்தளையோ வேறெதுவோ கொடுத்து, காசு வராமல் போன யாராவது உங்களுக்குத் தெரிந்தால், அல்லது அவர்களின் பிள்ளைகளைத் தெரிந்தால், கடைக்கு வரச் சொல்லுங்கள். என் கடை எது என்று இந்தப் பத்தியைப் படிக்கும் பலருக்குத் தெரியும். பில் கேட்கமாட்டேன். அவர்கள் சொல்லும் தொகைதான் கணக்கு.